வால் வெளியே தெரியணும்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன்னைவிட நீளமான இரும்புக் குழாயைத் தோளில் சாய்த்துப் பிடித்து, அதன் வழியாக என் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மச்சான். குழாயின் மறுமுனை என் மூக்குக்கு நேரே நிற்கிறது. "டீச்சர் தெரியுறாங்க... டீச்சர் கண்ணாடி தெரியுது... கண்ணாடிக்குப் பின்னாடி கோபம் தெரியுது. குழாய் சுத்தம். பிடி மாப்ளே!" என்று கத்துகிறார். உள்ளே மண்ணோ, குருவிக்கூடோ, யாரோ மறந்துபோன கையுறையோ இல்லை என்று இப்படிப் பார்த்து உறுதி செய்யாமல் எந்தக் குழாயும் கூரைக்கு ஏறாது. அதற்கு மறுமுனையில் ஒரு முகம் இருக்க வேண்டுமாம். வெறும் சுவரைப் பார்த்தால் அவருக்குத் திருப்தி வராது.

நான் டீச்சர் இல்லை. இந்தப் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பவள். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து தாளில் சுழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, வந்த முதல் நாளே என் உத்தியோகத்தை அவராகவே முடிவு செய்துவிட்டார். நான் மறுத்தேன். "தப்பைக் கண்டுபிடிச்சு வட்டம் போடுறீங்க, முறைக்கிறீங்க. அப்புறம் டீச்சர் இல்லாம யாராம்?" என்றார். அன்றிலிருந்து அலுவலகப் பையன்கள் வரை எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

சென்ற சில இதழ்களில் எழுத்துப்பிழை கண்டு கொதித்துக் கடிதம் போட்ட வாசகர்கள் காரணத்தைத் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் கட்டடத்துக்குப் புதுக் குளிர்சாதனம் வருகிறது. பழைய பெட்டிகளைச் சன்னலிலிருந்து பிடுங்கிப்போட்டுவிட்டார்கள். கூரையின் அட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். புழுக்கத்தில் வியர்வை தாளில் சொட்ட, மேலே துளைபோடும் இயந்திரம் அலற, ஒற்று மிகுமா மிகாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்கள்.

புது ஏற்பாடு இப்படி. மாடிக்கு ஒன்றாக, பீரோ உயரத்தில் ஓர் இயந்திரம். அது கூடத்தின் சூட்டையெல்லாம் இழுத்துத் தண்ணீரிடம் கொடுத்துவிடும். தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு குழாய் வழியாக மொட்டைமாடிக்கு ஏறும். அங்கே கூலிங் டவர் என்கிற பெரிய தொட்டியில் மழைபோலக் கொட்டி, விசிறிக் காற்றில் ஆறி, மறுபடி கீழே இறங்கும். இதை மச்சான் இவ்வளவு நீட்டவில்லை. "சூட்டை மூட்டை கட்டி மாடிக்கு அனுப்புறோம் டீச்சர். தண்ணிதான் சுமை தூக்குறவன். அவனுக்கு வழி விடணும். வழி மறிச்சா மூட்டையைப் போட்டுட்டுப் போயிடுவான்" என்றார்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. யாரும் அதைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அவரோடு வேலை செய்பவர் அவருடைய தங்கையின் கணவர். அவர் காலை முதல் மாலை வரை மாடிப்படிக்கு மேலும் கீழும் "மச்சான்! மச்சான்!" என்று கூப்பிட, கட்டடம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. கீழ்த்தளத்துக் கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிடுகிறார். கட்டட மேலாளர், கழுத்துப்பட்டி கட்டிய மனிதர், "மிஸ்டர் மச்சான்" என்கிறார். எங்கள் ஆசிரியர் அவரைவிட வயதில் மூத்தவர், அவரும் "என்ன மச்சான்" என்கிறார். எல்லோருக்கும் உறவாகிவிட்ட பெருமை மனிதர் முகத்தில் தெரியும்.

காதில் சுண்ணாம்புக்கட்டி செருகியிருக்கும். சட்டைப் பைகளில் ஒன்றில் சணல் நூல், இன்னொன்றில் நசுங்கிய ரொட்டி. சில நாள் இரண்டும் இடம் மாறிவிடும், அப்போது ரொட்டியைத் திட்டுவார். தோளில் ஒரு பெரிய பைப் ரிஞ்ச். குழாயைக் கவ்வித் திருகும் அந்த இரும்புக் கருவி ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதற்குப் 'பெரியவன்' என்று பெயர். "பெரியவனைத் தொடாதே", "பெரியவன் எங்கே?", "பெரியவன்மேல பெயிண்ட் படாம பாத்துக்கோ." அவர் வீட்டில் ஒரு மகன் இருக்கிறானாம். அவனுக்கு இத்தனை விசாரிப்பு கிடைக்குமா என்பது சந்தேகம்.

வாய் கொஞ்சம் நீளம். அதை மறைப்பானேன்? ஊரில் ஓடுகிற தண்ணீரெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் ஓடுகிறது என்பதுபோலப் பேசுவார். "நான் போட்ட ஜாயின்ட் ஒழுகினா மீசையை எடுத்துடுறேன்" என்று கட்டட மேலாளரிடம் சவால் விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "உங்களுக்குத்தான் மீசையே இல்லையே?" என்றேன். "அதனாலதானே டீச்சர் தைரியமா சொல்றேன்!" என்று கண்ணடித்தார். இன்னொரு வேடிக்கை, ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கும் இந்த மனிதருக்குக் குளிர் ஆகாது. ஏசி ஓடும் அறையில் கால் மணி நேரம் நின்றால் அடுக்கடுக்காய்த் தும்முவார். வேலை முடிந்த கட்டடத்தில் அவரைத் தேடினால் வெயிலில்தான் கிடைப்பார்.

மாப்பிள்ளை நேர்மாறு. ஒல்லியான, அமைதியான மனிதர். மச்சானைக் கூப்பிடுவது போக, நாள் முழுவதும் அவர் பேசுவது "சரி மச்சான்" என்கிற இரண்டே சொல். ஆனால் அதில் எத்தனை வகை! சம்மதிக்கும் சரி, சலித்துக்கொள்ளும் சரி, 'உங்களுக்குப் பைத்தியம்' என்று சொல்லும் சரி. நான் மெய்ப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பேன்.

மச்சான் வைத்திருக்கும் சட்டங்களில் தலையானது துணிச் சட்டம். பாதி வேலையில் விட்டுப்போகும் குழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் தூசியும் பூச்சியும் குடியேறிவிடும். இது எல்லோரும் செய்வது. மச்சானின் சட்டம் அதற்கு மேல். துணியை முழுவதும் திணிக்கக் கூடாது. ஒரு முழ வால் வெளியே தொங்க வேண்டும். "வால் வெளியே தெரியணும்! வால் தெரிஞ்சா உள்ளே துணி இருக்குன்னு அர்த்தம். வால் இல்லைன்னா துணி இல்லைன்னு அர்த்தம். கண்ணை மூடிட்டு அடுத்த குழாயை மாட்டலாம்." இதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது மாப்பிள்ளைக்கு ஓதுவார். "சரி மச்சான்" என்று மாப்பிள்ளை சலித்துக்கொள்வார்.

துணியிலும் கட்சி உண்டு. மச்சான் தன் மனைவியின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து வைத்திருக்கிறார், ஓரத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது. மாப்பிள்ளையிடம் இருப்பது அவர் மனைவியின் நீலப் புடவை. மொட்டைக் கூரையில் அங்கங்கே சிவப்பும் நீலமுமாய் வால்கள் தொங்க, அலுவலகம் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருந்தது. "என்னைவிட என் புடவைதான் இவர்கூட அதிகமா ஊர் சுத்துது" என்று மனைவி குறைப்படுவாராம். அதையும் பெருமையாகவே சொல்வார்.

இன்னொரு சட்டம், கடைசித் திருகு. மாப்பிள்ளை சணல் சுற்றி, பசை தடவி, ஜாயின்டை இறுக்கி முடித்துவிட்டு இறங்குவார். மச்சான் பெரியவனோடு ஏறி இன்னும் அரைத் திருகு போடுவார். மாப்பிள்ளை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அரைத் திருகு தேவையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் போட்டால்தான் அது மச்சானின் ஜாயின்ட்.

விவகாரம் அந்த அரைத் திருகில்தான் வந்தது. எங்கள் சன்னலுக்கு எதிரே புது மருத்துவமனை ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அதே குளிர்சாதனம், ஆனால் எங்கள் கட்டடத்தைப் போலப் பல மடங்கு. அங்குள்ள எஞ்சினியர் மாப்பிள்ளையின் கைவேலையைப் பார்த்துவிட்டு, குழாய் வேலைக்கு அவரையே தலைவராக இருக்கச் சொல்லியிருக்கிறார். மச்சான் சம்மதம் சொல்லவில்லை. "இன்னும் பழுக்கலை" என்று தள்ளிக்கொண்டே வந்தார். மச்சானைக் கேட்காமல் போகவும் மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை.

ஒரு மதியம் மச்சானின் தங்கை வந்தார். பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். அன்று சாப்பாட்டுப் பையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நேரே அண்ணனிடம் போனார்.

"அண்ணா, உன்னை ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"இன்னும் எத்தனை வருஷம் அவரு உனக்கு ஏணி பிடிக்கணும்? முடி நரைச்சு, பல்லு கொட்டினப்புறமா பழுப்பாரு?"

மச்சான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "நான் என்ன வேணாம்னா சொன்னேன்? ஆஸ்பத்திரி வேலைம்மா. படுத்திருக்கிறவங்க மேல தண்ணி ஒழுகினா யாரு பதில் சொல்றது?"

"அவரு சொல்வாரு."

கூடத்தில் யாரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை. நானும்தான். மாப்பிள்ளை சாப்பாட்டுப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். கடைசியில் மச்சான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "சரி. இந்த மாடி முழுக்க அவன் போடட்டும். நான் கீழ் மாடிகளைப் பாத்துக்கறேன். கடைசித் திருகுகூட அவனுதே. தண்ணி விடுற அன்னிக்கு ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, மெஷின் ஓடணும். ஓடிச்சுன்னா ஆஸ்பத்திரி அவனுக்கு. ஓடலைன்னா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. சரிதானே மாப்ளே?"

"சரி மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அதை நான் எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கீழே வேலை செய்யும் மனிதருக்கு எங்கள் மாடியில் ஏதாவது ஒன்று மறந்துபோய்க்கொண்டே இருந்தது. சுண்ணாம்புக்கட்டியைத் தேடி வருவார், அது அவர் காதிலேயே இருக்கும். வந்தவர் அண்ணாந்து பார்ப்பார், வாயைத் திறப்பார், தங்கையின் முகம் நினைவுக்கு வந்ததுபோல மூடிக்கொள்வார். மூடியது நிலைக்காது. "டீச்சர், குழாயைத் தாங்குற அந்த மூணாவது பிடி கொஞ்சம் சாஞ்சிருக்கிற மாதிரி உங்களுக்குத் தெரியுதா?" என்று என்னிடம் கிசுகிசுப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒற்றெழுத்து மட்டும்தான் என்பேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆசிரியர் என்னிடம், இந்த மனிதரைப் பற்றி எழுது என்றார். புகைப்படக்காரரையும் அனுப்பிவைத்தார். மச்சான் முகம் கழுவி, தலைசீவி வந்துவிட்டார். கீழ்த்தளம் இருட்டாக இருக்கிறது, எங்கள் கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார் படக்காரர். மாப்பிள்ளை மொட்டைமாடியில் குழாய் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய ஏணியிலேயே மச்சான் ஏறிக்கொண்டார். இயந்திரத்துக்குப் போகும் கிளைக்குழாயின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் பெரியவனைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். அதன் வாயில் மாப்பிள்ளையின் நீலத் துணி தொங்கியது. "நீலம் படத்துல எடுக்காது" என்று அதை உருவி மாப்பிள்ளையின் பைக்குள் எறிந்துவிட்டு, தன் சிவப்புத் துணியை அங்கே செருகினார். மூன்று நான்கு படம் எடுத்ததும் படக்காரர், "அந்தத் துணி மூஞ்சியை மறைக்குதே" என்றார். "இதோ" என்று அதை விரலால் தள்ளிவிட்டு, மோவாயைத் தூக்கினார் மச்சான். படம் அருமையாக வந்தது. எங்கள் அட்டைப்படங்களில் வந்த பலரைவிட அழகாக இருந்தார் என்பதை வயிற்றெரிச்சல் இல்லாமல் சொல்கிறேன்.

தண்ணீர் விடும் நாள் வந்தது. காலையிலேயே கட்டடம் முழுவதும் பரபரத்துக் கிடந்தது. தங்கை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடிக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முந்தின நாளே பெரிய குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அழுக்கைக் கழுவியிருந்தார்கள். இயந்திரங்களுக்குப் போகும் கிளைகளை மட்டும் மூடி வைத்திருந்தார்கள், அழுக்கு அவற்றில் இறங்கிவிடக் கூடாது என்று. இன்றுதான் அவற்றைத் திறக்கப் போகிறார்கள்.

மச்சான் மொட்டைமாடியில் பம்ப் பக்கத்தில். மாப்பிள்ளை எங்கள் மாடியில் வால்வின் பக்கத்தில். இவர்களுக்குள் கைபேசி கிடையாது. குழாயில் தட்டித்தான் பேசுவார்கள். ஒரு தட்டு என்றால் 'பொறு'. இரண்டு என்றால் 'திற'. விடாமல் தட்டினால் 'எல்லாத்தையும் மூடு'. நாங்கள் எல்லோரும் குழாயைச் சுற்றி நின்றோம். ஆசிரியர்கூட அறையிலிருந்து வந்து, வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல ஓரமாக நின்றார்.

டங். டங்.

மாப்பிள்ளை வால்வைத் திறந்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கூரையின் உச்சியில், குழாயில் அடைபட்ட காற்றை வெளியே விடும் சின்னக் காற்றுத்திருகு 'உஸ்ஸ்' என்று மூச்சுவிட்டது. குழாய்க்குள் எங்கேயோ தொலைவில் ஏதோ உருண்டது. அது நெருங்கியது, தலைக்கு மேலே வந்தது, கடந்து போனது. காற்றுத்திருகு துப்பியது, இருமியது, பிறகு ஒரே சீராகத் தண்ணீரைப் பீய்ச்சியது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தச் சிறப்பிதழ் வெளிவந்தபோதும் வந்ததில்லை.

மச்சான் படிகளைத் தாவி இறங்கி வந்தார். என் மேசையிலிருந்து பழைய மெய்ப்புத் தாள்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜாயின்டையும் துடைத்துவிட்டு, ஒரு தாள் துண்டைச் சுற்றிப் பார்த்தார். ஈரம் கசிந்தால் தாள் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் காய்ந்த தாள். மாப்பிள்ளை தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். கடைசித் தாளையும் பிரித்து, உற்றுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார் மச்சான். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு குட்டிச் சொல் வந்து நான் பார்த்ததில்லை.

இயந்திரங்களைப் போட்டார்கள். கீழ்த்தளத்திலிருந்து கைதட்டல் கேட்டது. நடுத்தளத்திலிருந்து சீட்டியடிப்பு. எங்கள் இயந்திரம் உறுமியது, சிலிர்த்தது, காற்று வந்தது. குளிர்ந்த காற்று! முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். தங்கை கணவரைப் பார்த்துச் சிரித்தார். மச்சான் முதல் தும்மலைப் போட்டார்.

'டக்' என்று ஒரு சத்தம். இயந்திரம் நின்றுவிட்டது. அதன் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மறுபடி போட்டார்கள். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி 'டக்'. மச்சான் கிளைக்குழாய்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். குழாயின் சூட்டையும் குளிரையும் அவர் எப்போதும் புறங்கையால்தான் கேட்பார். "தண்ணி போகலை. வழியை எதுவோ மறிச்சிருக்கு." அப்படியே மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். குரல் ஏறியது. "துணி! உள்ளே துணியை விட்டுட்டே! எத்தனை தடவை சொன்னேன், வால் வெளியே தெரியணும்னு? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"என் துணியெல்லாம் பையில இருக்கு மச்சான்."

"இருக்கும், இருக்கும்!"

மாப்பிள்ளை பையைக் கொட்டினார். நீலத் துணிகள் தரையில் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினார். "இந்த வாயில வால் இல்லை மச்சான். அது வளைஞ்ச குழாய், கண்ணு வச்சுப் பாக்க முடியாது. வால் இல்லை, துணி பையில இருந்துச்சு. அதான் மாட்டினேன்." அவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தங்கை தரையில் கிடந்த நீலத் துணிகளையே பார்த்தார். கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னும் பழுக்கலைன்னு சொன்னேன்ல?" என்றபடி பெரியவனைத் தூக்கிக்கொண்டு மச்சான் இயந்திரத்துக்குப் பின்னால் போனார். அங்கே சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து. வெளிச்சம் கிடையாது. பக்கத்தில் நின்ற என் கையில் டார்ச்சைத் திணித்தார், நானும் பின்னால் நுழைந்தேன். இயந்திரத்துக்குள் தண்ணீர் நுழையும் முன் ஒரு வடிகட்டி உண்டு. குழாயில் வரும் குப்பையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வால்வை மூடி, வாளியை வைத்து, அதன் மூடியைத் திருகிக் கழற்றினார். தண்ணீர் கொட்டியது. விரலை விட்டுத் துழாவினார். "இதோ சிக்கிட்டான். நீலத்துணி" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

சிவப்பாக வந்தது. ஈரத்தில் சுருண்டு, இழுக்க இழுக்க வந்தது. ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள்.

டார்ச் வெளிச்சத்தில் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தள்ளிவிட்டு மோவாயைத் தூக்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது, முகத்தில் ரத்தமே இல்லை. "என்ன மிஸ்டர் மச்சான், கிடைச்சுதா?" என்று வெளியிலிருந்து கட்டட மேலாளர் கேட்டார். மச்சானின் கை மெதுவாகத் தன் கால்சட்டைப் பையை நோக்கிப் போனது. பை ஆழமான பை. சுருட்டினால் துணி அதில் அடங்கிவிடும். சந்துக்குள் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. இந்த மனிதர் துணியைப் பையில் போட்டுவிட்டால் இவரைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன் என்று அந்த நொடியில் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

பைக்குப் பக்கத்தில் போன கை நின்றது. மச்சான் துணியைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும் அதை உதறி விரித்துப் பிடித்தார்.

"இது யாரு புடவைன்னு சொல்லும்மா" என்று தங்கையைக் கேட்டார்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அண்ணி புடவை."

"உங்க அண்ணி புடவைதான். படம் பிடிக்க வந்தாங்கல்ல, அன்னிக்கு நான் வச்சது. மூஞ்சியை மறைக்குதுன்னாங்க. வாலை உள்ளே தள்ளிட்டேன். எடுக்கணும்னு தோணலை." மாப்பிள்ளை பக்கம் கையை நீட்டினார். "மாப்ளே மேல தப்பில்லை. அவன் சட்டப்படி செஞ்சான். சட்டம் போட்டவன்தான் கெடுத்தான்."

கட்டட மேலாளர் மரியாதைக்கு, "யானைக்கும் அடி சறுக்கும், மிஸ்டர் மச்சான்" என்றார். "சறுக்கினா யானைதான் சார் விழணும். பாகனைப் போட்டு மிதிக்கக் கூடாது" என்றார் மச்சான். கழுவிய வடிகட்டியை மறுபடி உள்ளே வைத்தார். மூடியைக் கையால் திருகினார். அப்புறம் பெரியவனைத் தோளிலிருந்து இறக்கி, கைப்பிடியில் இருந்த ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"கடைசித் திருகு நீ போடு."

மாப்பிள்ளை உடனே வாங்கவில்லை. மச்சான் முகத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சந்துக்குள் போனார். இரும்பு இரும்பைக் கவ்வும் சத்தம் கேட்டது. வால்வுகள் திறந்தன. இயந்திரம் உறுமியது. நாங்கள் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது எரியவே இல்லை. குளிர் வந்தது, நிற்காமல் வந்தது, என் மேசையிலிருந்த மெய்ப்புத் தாள்களையெல்லாம் அள்ளிக் கூடம் முழுவதும் இறைத்தது. பொறுக்க யாரும் குனியவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார், இதை வெட்டிவிடமாட்டார் என்று நம்புகிறேன். மச்சானை மட்டும் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் மாடிப்படியில், வெயில் விழும் இடத்தில், தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு மீசை இருந்திருந்தா இன்னிக்குப் போயிருக்கும்" என்றேன்.

"ஒழுகினாத்தானே டீச்சர் மீசை? ஒழுகலையே!" என்றார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத் துடைத்தாரோ என்னவோ.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் படத்தைப் போட வேண்டாம். ஆசிரியருக்கு மனமே இல்லை, பக்கம்கூடத் தயாராகிவிட்டிருந்தது. ஆனாலும் படக்காரரை மறுபடி அனுப்பினார். நானும் போனேன். தெருவைத் தாண்டினால் மருத்துவமனை.

உள்ளே குழாய்கள் காடாய்க் கிடந்தன. ஒரு சின்ன ஏணியில் மாப்பிள்ளை, தோளில் பெரியவன். அவர் இடுப்பளவு அகலமான குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். கையில் நீலத் துணி. "மச்சான், ஏணி ஆடுது!" என்று மேலிருந்து அதட்டினார். "சரி மாப்ளே" என்று கீழிருந்து பதில் வந்தது. மச்சான் இரண்டு கையாலும் ஏணியை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை மேலே, மச்சான் கீழே. படக்காரருக்கு அந்தக் காட்சி பிடித்துப்போய்விட்டது. மண்டியிட்டு, கோணம் பார்த்து, கையை ஆட்டினார். "எல்லாம் நல்லாருக்கு. அந்தத் துணி மட்டும் நடுவுல தொங்குது பாருங்க. கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்களேன்."

மாப்பிள்ளையின் கை துணிக்குப் போகவில்லை. அவர் குனிந்து மச்சானைப் பார்த்தார். மச்சான் ஒரு காலை ஏணியின் அடிப்படியில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஒரு கையை மட்டும் விடுவித்து, எம்பி, அந்த நீல வாலை எட்டிப் பிடித்து, இன்னும் ஒரு சாண் வெளியே இழுத்துவிட்டார்.